மூன்றாம் மாடிப் பற்பசை

அடுக்குமாடியின் இருபத்து நான்கு வீட்டுக் குப்பையையும் கையால் பிரிக்கிறவளுக்கு நாட்டு நடப்பைச் செய்தித்தாள் வந்து சொல்ல வேண்டியதில்லை. காசு புழங்கும் காலத்தில் பற்பசைக் குழாய் பாதி வயிறு நிறைந்தபடியே வந்து விழும். செலவு கையைக் கடிக்கத் தொடங்கினால் சப்பையாக வரும். ரொம்பக் கடித்தால், கத்தரியால் வயிற்றைக் கிழித்து உள்ளே வழித்தெடுத்த பிறகுதான் வரும். பதினோரு வருடமாக அவள் கணிப்பு பிசகியதே இல்லை.

அன்று மதியம், வாசல் காவலாளியான அவள் புருஷன் கைப்பேசியை நீட்டினான். அதில் மூன்றாம் மாடிப் பொருளாதாரப் பேராசிரியர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "கவலையே வேண்டாம், மக்கள் கையில பணம் தாராளமா இருக்கு."

"பாத்தியா? நம்ம சாரே சொல்லிட்டாரு."

"அவர் வீட்டு பேஸ்ட் டியூப் ஒரு மாசமா வேற சொல்லுதே!"

புருஷன் நம்பவில்லை. மறுநாள் காலை பேராசிரியரே குப்பைப் பையோடு கீழே இறங்கி வந்தார். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"டிவில பிரமாதமா பேசினீங்க சார். டியூப்பைக் கிழிக்கறப்ப மட்டும் கை பத்திரம், ஓரம் கீறிடும்."

பேராசிரியர் இருமினார். கடிகாரம் கட்டாத மணிக்கட்டில் மணி பார்த்தார். விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

அடுத்த நாள் மூன்றாம் மாடிப் பை மூன்று முடிச்சுப் போட்டு, இறுகக் கட்டி வந்தது. அவள் அதை அவிழ்க்கக்கூட இல்லை. அப்படியே புருஷன் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"நான் நெனச்சதைவிட நிலைமை மோசம்யா!"