சட்டிமூடிக் கரி

பிலோமினம்மாவின் கண்ணில் ஒரு கறை பட்டால் அது தொலைந்தது. மகன் ஜெனாட் ஸ்பொன்சர் செய்து அவர் மன்னாரிலிருந்து வந்து பதினாலு வருடமாகிறது. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் கோவில் மண்டபத்தை அவரும் நானும்தான் துடைக்கிறோம். துடைப்பது அவர், வாய் பார்ப்பது நான் என்று பாதர் பகிடி பண்ணுவார். பெருநாளுக்கு முந்தின கிழமை பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பிலோமினம்மா புளி போட்டுத் தேய்த்தால் அதில் முகம் பார்க்கலாம்.

போன சம்மருக்கு மண்டபத்தின் பின்னறையை அஃபி என்ற டோகோ நாட்டுப் பெண்ணுக்குப் பாதர் கொடுத்தார். பால்மா டின், சைக்கிள் செயின், நசுங்கிய கரண்டி என்று கண்டதையெல்லாம் பொறுக்கி வந்து ஆளுயரச் சிலைகள் செய்வாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, பிலோமினம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் பத்து மணியானால் இருவரும் ஒன்றாக இருந்து பிளேன்டீ குடிப்பார்கள். "என்ர பிள்ளை மாதிரி" என்பார் பிலோமினம்மா. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அஃபியின் கண்காட்சி. வெள்ளி காலை சிலைகளை ஏற்ற வான் பிடிக்கப் போயிருந்தாள். கடைசியாகச் செய்த சிலை கதவருகே நின்றது. அதன் முகம் ஒரு பழைய அலுமினியச் சட்டிமூடி. கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது.

"நாலு பேர் வந்து பாக்கிற இடத்தில பிள்ளையின்ர சிலை ஊத்தையா நிக்கிறதோ?" என்று வாளியும் புளியும் கம்பிநாருமாக வந்தார் பிலோமினம்மா. அரை மணித்தியாலம் தேய்த்தார். மூடி பளபளத்தது. நான் தடுக்கவில்லை. நல்லாயிருக்கு என்று மெச்சினேன் வேறு. அதை நினைத்தால் இப்போதும் என்னிலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அஃபி வந்தாள். சிலையின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிலோமினம்மா சிரித்தபடி நீட்டிய தேத்தண்ணீரை வாங்கவுமில்லை. பயந்துபோய் ஜெனாட்டுக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவன் அஃபியிடம் பிரெஞ்சில் விசாரித்தான்.

"அம்மா, அது அவவின்ர தாயின்ர சட்டிமூடியாம். தாய் போன வருசம் செத்துப்போனா. அவ சமைச்ச அடுப்புக் கரிதான் அது. தாயின்ர எண்டு வேற ஒண்டும் தன்னட்ட இல்லை எண்டுறா."

பிலோமினம்மா போனுக்குக் கிட்ட வந்தார். "நான் வடிவாக்கத்தானே தம்பி செய்தனான். திரும்பக் கரி பூசித் தாறன் எண்டு சொல்லு. சொல்லடா!"

அவன் சொன்னான். அஃபி தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள்.

"கோபமில்லையாம், அம்மா. கழுவின தண்ணி எங்கை எண்டு கேக்கிறா."

பிலோமினம்மா வாளியைப் பார்த்தார். அதையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.