துணிச் சிறகில் ஏறிய என் மகள்

முருகனைக் கும்பிடும் எல்லோருக்கும் ஆரணியிலிருந்து ஒரு பட்டு நெசவாளியின் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. என் மனைவி லோகம்மா களம்பூருக்குப் போய் ஒரு பஸ் தாமதமாக வந்தாலே, முதல் பஸ் கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டி அழுதிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு மகள். அவள்தான் விமானம் ஓட்டப் போகிறேன் என்றாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதம். சுகுணா அப்போதுதான் வேலூரில் காலேஜ் முடித்திருந்தாள்.

"கமர்ஷியல் பைலட் லைசன்ஸ்னு ஒண்ணு கீது நைனா. அத வாங்கிட்டா விமானம் ஓட்டறதே உத்தியோகம்" என்றாள்.

தறி மிதித்துக்கொண்டிருந்த என் கால் அப்படியே நின்றுவிட்டது.

செய்யார் ரோட்டில் இருந்த மனையை விற்று அவள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. பாதிப் பயிற்சியில் அது தீர்ந்தால் லைசன்ஸும் இல்லை, கல்யாணமும் இல்லை. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் இரண்டு கிளப்புகளுக்குச் சுகுணா எழுதிப் போட்டிருந்தாள். ஒன்றில் தகட்டால் செய்த, நான்கு பேர் உட்காரும் புது விமானம். மணிக்கு அவர்கள் கேட்ட தொகைக்கு எங்கள் பணம் பாதித் தூரம்தான் வரும். இன்னொரு கிளப் பக்கத்து மாநிலத்தில். அங்கே இரண்டு பேர் உட்காரும் பழைய விமானங்கள். கட்டணம் பாதிக்கும் குறைவு.

"லைசன்ஸுக்கு இத்தன மணி ஓட்டணும்னு கீது. எதுல ஓட்டினாலும் மணிக்கணக்கு ஒண்ணுதான் நைனா. முக்காவாசி சின்னதுல ஓட்டிட்டு, கடைசியில கொஞ்சம் மட்டும் பெருசுல ஓட்டினா போதும்" என்று கணக்குச் சொன்னாள். சரியான கணக்குதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தச் சின்னதோட இறக்க மேல துணி போட்டுத் தெச்சிருப்பாங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

துணி! துணி எங்கே கிழியும், எப்படிக் கிழியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நெய்த சேலையில் கரை கோணிப்போயிற்று. ஆடி முடிவதற்குள் அப்பா கையெழுத்தோடு விண்ணப்பம் வர வேண்டும் என்று அந்தப் பழைய விமானக் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது.

எங்கள் தெரு முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சேர்க்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. லோகம்மா முகம் விழுந்துவிட்டது. சுகுணா தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நைனா, இதுலயும் செவப்புதான் கீது."

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாய்யா, ஊரை ஏமாத்தறவன பாத்துகீறேன். முருகனையே ஏமாத்தினு கீறியே நீ!"

லோகம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. அப்படியே சந்நிதியில் விழுந்தேன். "அப்பனே, நான் செய்தது தப்பு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இஞ்சின் தெரியாது. எதில் என் பெண்ணை ஏற்றுவது என்று இந்த மரமண்டைக்குப் புரிகிற மாதிரி நீயே காட்டு" என்று கேட்டேன். வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அந்த வேண்டுதலில் கள்ளம் இல்லை.

வெளியே வந்ததும் லோகம்மா சொன்னாள்: "சாமி விமானத்த நம்ம தெருவுக்கா இட்டுகினு வரும்? போய்ப் பாத்துட்டு வாயேன்யா."

பக்கத்து மாநிலத்து அந்தக் கிளப்புக்குப் போனோம், நானும் சுகுணாவும். கொட்டகைக்குள் ஒரு விமானத்தின் இறக்கையைத் தனியே கழற்றி வைத்து, பழைய துணியை உரித்துவிட்டுப் புதுத் துணி போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். மேஜைமேல் துணிச் சுருள். என் கை தானாக அதன்மேல் போனது. நல்ல நூல், நெருக்கமான நெசவு. இதன்மேல் ஒரு பசை பூசுவார்களாம். தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால் விறைக்கிற மாதிரி, துணி இறுகிக்கொள்ளுமாம்.

"இன்னா பெரியவரே, பொடவ எடுக்க வந்தா மாதிரி தடவிப் பாக்குறீங்க?" என்று ஒரு குரல். மெக்கானிக் பாஷா பாய். பேச்சைக் கேட்டதும் தெரிந்தது, ஆற்காட்டுக்காரர். கண் காணாத ஊரில் நம் பேச்சு! பாதி பயம் அங்கேயே போயிற்று.

மீதி பயத்தோடு துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கெஜம் தள்ளி என் கண் நின்றுவிட்டது.

"பாய், இங்க குறுக்கால ஓடற ஊடை இழை ஒண்ணு விட்டுப்போய்கீது."

"எங்க?"

காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார், இஞ்சினியரையும் கூப்பிட்டார். 'நெசவுக்காரன் சொல்லி நாங்கள் கேட்பதா' என்று ஒருவரும் நினைக்கவில்லை. பாஷா பாய் கத்தரிக்கோலை எடுத்து அந்த இடத்தையும், அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒவ்வொரு கெஜத்தையும் வெட்டித் தூரப் போட்டார்.

"போடறதுக்கு முன்னாடி நாங்களும் இழுத்துப் பாப்போம். நீங்க ஜல்தியா பாத்துட்டீங்க. சந்தேகம்னா அந்தத் துணி மேல ஏறாது பெரியவரே. நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்களேன்."

"மேல ஏறச் சொல்லலன்னா வரேன் பாய்" என்றேன்.

சுகுணா பேனாவை நீட்டினாள். "கையெழுத்து போடறியா நைனா, இல்ல இன்னும் ரெண்டு முழம் தடவணுமா?"

போட்டேன். அடியார்களே, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொருள், துணி. அதை வைத்தே முருகன் எனக்குப் பதில் சொன்னான். குறையே இல்லாத துணி என்று அவன் காட்டவில்லை. குறை தெரிந்தால் கூச்சப்படாமல் வெட்டி எறிகிறவர்களைக் காட்டினான். என் பெண்ணை அவர்கள் கையில் கொடு என்றான்.

அதற்குப் பிறகு நான் பயப்படவே இல்லை என்று சொன்னால் பொய். அவள் முதல்முறையாகத் தனியாகப் பறந்த செய்தி கடிதத்தில்தான் வந்தது. படித்துவிட்டு, முடிந்துபோன விஷயத்துக்காக ஒரு பகல் முழுக்க வேண்டிக்கொண்டேன். மழைக்காலங்களில் பயிற்சி நின்றது. எப்படியோ பணம் இழுத்துப் பிடித்துப் போதுமானதாக இருந்தது. எண்பத்தாறு தை மாதம் லைசன்ஸ் வந்தது. அந்த வருஷ ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தேன். சுகுணா இப்போது அதே கிளப்பில் மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள்.

போன மாசி மாதம் என்னை அழைத்துப்போய் அந்தச் சின்ன விமானத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெல்ட்டை அவளே மாட்டினாள். தரை விட்டு எழும்பும்வரை "முருகா முருகா" என்று கத்தினேன். மேலே போனதும் கண்ணைத் திறந்தேன். ஏரி, வயல், தென்னந்தோப்பு எல்லாம் கையகலத்தில். இறக்கை ஆடாமல் அசையாமல் நின்றது.

பயப்படுகிறவர்களுக்குத்தான் இதை எழுதினேன். பயம் போன பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே போய் அவன் காலில் விழுங்கள். கள்ளமில்லாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, எழுந்துபோய் அந்த விஷயத்தைத் தொட்டுப் பாருங்கள். அவன் அங்கே நிற்பான்.

"எறங்கலாமா நைனா?" என்று சுகுணா கேட்டாள்.

"இன்னும் ஒரு சுத்து போம்மா" என்றேன்.