காற்றில்லாத கடலில் கிறகோரியின் பட்டம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் குருநகர் கிறகோரி. பாய் தைத்துப் பிழைத்து, ஒருவன் முன்னும் கைகட்டி நிற்காமல் சொந்த வள்ளமும் எஞ்சினும் வாங்கிய மனுஷன். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று எழும்பினால் அவர் ஏற்றும் பட்டம்தான் அந்தக் கரையில் பெரிய பட்டம். ஆள் உயரம், ரெட்டுத் துணி, கைவிரல் தடிப்பில் மூங்கில். தலையில் ஒரு விண். வில்லாக வளைத்த மூங்கிலில் நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பார். காற்றுப் பட்டதும் அது கூவும் கூவலில் பக்கத்துப் பாசையூர்ச் சனமும் திரும்பிப் பார்க்கும். படித்தவன் கடதாசியும் பென்சிலும் வைத்துக்கொண்டு பார்க்கிற கணக்கைக் கிறகோரி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்படித்தான் அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் பெரிய பொய்யும் இல்லை.

ஆனால் எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை மாதம், நடுக்கடலில், அந்த உள்ளங்கை அவரைக் கைவிட்டது.

வள்ளத்தில் இருந்தது இரண்டே பேர். கிறகோரியும், அவருடைய பெண்சாதி கத்தரீனாவின் தம்பி சிமியோனும். நெடுந்தீவுக்கு அப்பால் மீன் தேடிப் போன இடத்தில் எஞ்சினின் பல்லுச் சக்கரம் உடைந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்னப் பாயை விரித்தார்கள். சித்திரை மாதத்துக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பாய் செத்த கோழியின் சிறகுபோல் தொங்க, நீரோட்டம் அவர்களை வடகிழக்கே இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் கரை மறைந்தது. மூன்றாம் நாள் தண்ணீர்க் கலன் வற்றியது. அன்று பின்னேரம், கிறகோரி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், சிமியோன் கடல் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டான்.

நாலாம் நாள் காலையில் அவன் வாந்தி எடுத்தான். நாக்கு வீங்கிப் பேச்சுக் குழறியது. இன்னுமொரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் இவன் இல்லை என்று கிறகோரிக்குத் தெரிந்தது. கத்தரீனாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்த நேரத்தில்தான் தூரத்தில் மூன்று கொடிமர நுனிகள் தெரிந்தன. இந்தியப் பக்கத்து றோலர்கள், இழுவைப் படகுகள். இருவரும் எழுந்து சட்டையைக் கழற்றி வீசினார்கள், கத்தினார்கள். நுனிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து மறைந்தன.

"குருட்டுப் பிறவியள்!" என்றான் சிமியோன்.

"அவங்களிலை பிழை இல்லையடா. வள்ளம் தண்ணியோடை தண்ணியாக் கிடக்கு. எங்களை மூண்டு மைலுக்கு அங்காலை ஆரும் காணாங்கள்." கிறகோரி வானத்தை அண்ணாந்து பார்த்தார். "உயரத்திலை ஏதும் நிண்டால் காணுவாங்கள்."

"உயரத்திலை என்னத்தை நிப்பாட்டப் போறியள்? அந்தோனியாரையோ?"

"பட்டத்தை."

சிமியோன் வெடித்த உதட்டோடு சிரித்தான். "அத்தான், உங்களுக்கும் அறளை பேந்திட்டுது."

கிறகோரி காது கொடுக்கவில்லை. வலைக்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி கட்டி மிதக்கவிடும் மூங்கில் இருந்தது, அதைப் பிளந்தார். தூண்டிலுக்கான நைலோன் இழை, தங்கூசி, கட்டுக் கட்டாக இருந்தது. அது நூலுக்கு ஆகும். துணிக்குப் பாயைக் கத்தியால் கிழித்தார்.

"பாயை வெட்டிறியள்! காத்து வந்தால் என்னத்தாலை போறது?"

"வந்தால் பாப்பம்."

தன் வழக்கப்படியே தடித்த குச்சி, இறுக்கமான கட்டு. தலையில் விண்ணையும் பூட்டினார். கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்கு எட்டட்டும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். வள்ளத்தின் முன்பக்கத்தில் நின்று பட்டத்தைத் தூக்கி விட்டார். அது ஒரு சாண் மேலே போய், யோசித்துவிட்டு, முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தது.

"கூவேல்லையே," என்றான் சிமியோன்.

விண்ணைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். மறுபடியும் விட்டார். மறுபடியும் விழுந்தது. அகலம் போதாது என்று நினைத்து, பாயில் மிச்சம் இருந்ததையும் வெட்டி, முன்னையதைவிட ஒன்றரை மடங்கு நீளத்தில் இன்னொன்று கட்டினார். குச்சி நீண்டதால் வளையாமலிருக்க இன்னும் தடிப்பாகச் சீவினார். துணி கூடியதால் தையலும் கூடியது. வெயில் உச்சிக்கு வந்த நேரம் அதை விட்டார். அது மேலே போக முயற்சிகூடச் செய்யவில்லை. கையிலிருந்து நேரே தண்ணீருக்குப் போயிற்று.

பாயும் போயிற்று, காலையும் போயிற்று. கிறகோரி முன்பக்கத்து அணியத்தில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுததை அதற்கு முன் கண்டவர் எவரும் இல்லை. இப்போதும் கண்ணீர் வரவில்லை. உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே வரும்.

இதில் இருந்த பிழை என்னவென்றால், முப்பது வருடமாக அவர் கட்டியது வாடைக்காற்றுக்கு. பலத்த காற்றில் பாரமான பட்டம் அசையாமல் நிற்கும். லேசானதைக் காற்றுப் பிய்த்துப்போடும். அதனால் அவர் கைக்குப் பாரமே நல்லதென்று பட்டுப் பழகிவிட்டது. கடலில் அன்று இருந்ததைக் காற்று என்றே சொல்ல முடியாது, வெறும் மூச்சு. ஒவ்வொரு சாண் துணியும் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பதே இங்கே பேச்சு. மூச்சுக்காற்றில் ஏற வேண்டுமென்றால் அந்தப் பாரம் குறைய வேண்டும். அவரோ பட்டத்தைப் பெருப்பித்தார்; அகலம் கூடியதைவிடப் பாரம் அதிகமாகக் கூடிற்று. கிறகோரி நனைந்த பட்டத்தை ஒரு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தபோது இது அவருக்கு விளங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மெல்லத் திரும்பிச் சிமியோனைப் பார்த்தார். சிமியோனை அல்ல, அவனுக்கு மேலே கட்டியிருந்ததை. எஞ்சின் மூடும் பொலித்தீன். இரவில் கூரை அதுதான். அன்று விடியற்காலையில் அதில் படிந்த பனியை வழித்து நக்கித்தான் இருவரும் இன்னும் உயிரோடு கிடந்தார்கள்.

"வேண்டாம் அத்தான்," என்றான் சிமியோன். கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "இதையும் வெட்டினால் நாளைக்கு நக்க என்ன இருக்கு?"

"நக்கிறதுக்கு நாளைக்கு நீ இருக்கோணுமேடா."

சிமியோன் தானே கையை நீட்டி ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்தான்.

கிறகோரி இப்போது குச்சிகளை மீன் முள்ளுப்போல் சீவினார். ஒன்று முறிந்தது. மிச்சம் இரண்டே இரண்டு. கத்தியை வைத்துவிட்டு, விரல்களை நீட்டி மடக்கி, மறுபடியும் எடுத்தார். தையல் இல்லை, பொலித்தீனைக் குச்சியில் மடித்து, மெல்லிய தங்கூசியால் நாலே இடத்தில் கட்டினார். ஆனால் பொலித்தீன் கண்ணாடி மாதிரி. ஏறினாலும் யார் காண்பார்? பட்டத்துக்கு எப்படியும் வால் வேண்டும். சிவப்புக் கொடியை ஒரு விரல் அகலத்தில் கிழித்து வாலாக விட்டார். கையில் தூக்கினார். பட்டம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

விட்டார். பத்து முழம் ஏறி, அங்கேயே தள்ளாடிற்று. கீழே காற்றே இல்லை. மேலே கொஞ்சம் இருக்கக்கூடும். அதுவரைக்கும் யார் கொண்டுபோய் விடுவது? கரையென்றால் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடலாம்.

"சிமியோன், வள்ளத்தை ஓட்டவேணும். என்னாலை நூலை விடேலாது."

"எழும்பவே ஏலாது எனக்கு."

"இருந்துகொண்டு தண்டு வலியடா."

சிமியோன் தவழ்ந்து வந்து துடுப்புத் தண்டுகளைப் பிடித்தான். அவன் தண்டை வலித்த ஒவ்வொரு முறையும் ஒரு முனகல் வந்தது. வள்ளம் நகர்ந்த வேகத்தில் நூலுக்கு உயிர் வந்தது. இருபது முழம், முப்பது, ஐம்பது. பிறகு திடீரென்று நூல் கிறகோரியின் விரலைத் தானாகவே இழுத்தது. மேலே காற்று இருந்தது!

"விடு, விடு! காணும்!"

சிமியோன் தண்டின்மேல் கவிழ்ந்து விழுந்தான். பட்டம் நின்றது. கிறகோரி கைவிரலால் அதன் ஒவ்வொரு சிணுங்கலையும் கேட்டுக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றார். தங்கூசி விரலை அறுத்து இரத்தம் கசிந்தது.

"அத்தான்." சிமியோன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "நேவிக்காரன் கண்டால்?"

"கண்டால் சுடுவான், இல்லாட்டித் தண்ணி தருவான். ரெண்டிலை ஒண்டு."

பின்னேரம் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. பச்சை நிறம்; றோலர். அது குறுக்கே போய்க்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் மேலே காற்றும் செத்தது. நூல் தொய்ந்து, பட்டம் இறங்கத் தொடங்கியது. நூலை இழுத்தால் ஏறும், ஆனால் நூல் குறைந்து உயரம் போய்விடும். விட்டால் இன்னும் இறங்கும். கிறகோரி இழுத்தார், விட்டார், இழுத்தார். அறுபது முழம். ஐம்பது. சிவப்பு வால் தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அவர் சிமியோனைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. இன்னொரு முறை வலிக்கச் சொன்னால் அது அவனைக் கொல்வதாகும், சொல்லாவிட்டாலும் அதுவே.

தண்டு தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. சிமியோன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண் எங்கோ இருந்தது. ஒரு தரம் வலித்தான், இளைத்தான், இன்னொரு தரம் வலித்தான். முனகலும் இல்லை இப்போது. வள்ளம் ஆமைபோல் ஊர்ந்தது. அந்த ஊர்தலுக்கே, அந்த லேசான பட்டம் இறங்குவதை நிறுத்தியது. கொஞ்சம் ஏறிற்று. பாரமாகக் கட்டியிருந்தால் அந்த வேகத்தை அது மதித்திருக்காது.

றோலர் முகம் திரும்பியது.

"கண்டிட்டாங்கள்! நிப்பாட்டடா, சிமியோன்! காணும்!"

சிமியோனுக்குக் கேட்கவில்லை. வலித்துக்கொண்டே இருந்தான். றோலர் பக்கத்தில் வந்து சேரும்வரை வலித்தான். மேலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "யாருய்யா அது, நடுக்கடல்ல பட்டம் விடறது? திருவிழாவா?" என்று கத்தினான். பக்கத்தில் நின்றவன் சிமியோனின் முகத்தைக் கண்டு கத்தியவனின் வாயைப் பொத்தினான்.

இரண்டு பேர் வள்ளத்துக்குள் குதித்தார்கள். தண்டிலிருந்து சிமியோனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கிறகோரி நூலை விட்டார். பட்டம் எந்தப் பக்கம் விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை. றோலரின் தளத்தில் மைத்துனனின் தலையை மடியில் வைத்து, துணியை நனைத்து, துளித் துளியாக அவன் வாயில் பிழிந்தார்.

தண்ணீர் கடைவாயால் வழிந்தது. இன்னொரு துளி. அதுவும் வழிந்தது.

"விழுங்கடா. சிமியோன், உன்ரை அக்கா என்னை வீட்டுக்குள்ளை எடுக்காள். விழுங்கு."

மூன்றாம் துளியில் குரல்வளை மேலே எழும்பி, கீழே இறங்கியது.

"இன்னும்," என்றான் சிமியோன்.