நீல டிரம்முக்குப் பெயர் கேட்ட ஸ்டெல்லா

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் முலாம் தொட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் போனில் அழைத்தார். "அண்ணா, ஸ்டெல்லா போயிட்டாண்ணா. தூக்கத்துலயே..." இடியே விழுந்தாலும் அசையாதவன் நான். கையிலிருந்த ஸ்பேனர் தொட்டிக்குள் விழுந்தது; இன்னும் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடம் குடியிருந்தவர் டாக்டர் ஸ்டெல்லா. ஊசி போடும் டாக்டர் இல்லை. பெங்களூர் ஆய்வகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே கணினியில் வேலை. உலகமெங்கும் ரசாயனங்களைச் செல்கள் மேல் ஊற்றி, எந்த மரபணு எகிறுகிறது, எது அடங்குகிறது என்று அளந்து, யாரும் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கிறார்களாம். ஆனால் ஒரே ரசாயனத்துக்கு ஊருக்கொரு பெயர். "ஒரே ஆளு பத்து வீட்ல பத்து பேர்ல இருந்தா எப்படிண்ணா பிடிக்கிறது? எல்லாரையும் ஒரே கதவெண்ணுக்குக் கூட்டிட்டு வர்றதுதான் என் வேலை" என்பார். எட்டாம் வகுப்பில் நின்ற எனக்கே புரிந்தது. என் மூளையும் கொஞ்சம் காரணம்.

ஒருநாள் என் வெடித்த கைகளைப் பார்த்துவிட்டார்.

"எதுலண்ணா கை கழுவுறீங்க?"

"நீல டிரம்முல. கிரீஸ் நொடியில போயிரும். இருபத்தஞ்சு வருசமா கழுவுறேன், பாரும்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு இருக்கட்டும். அதுக்குப் பேரு என்ன?"

"அதான் சொன்னேனே, நீல டிரம்."

எங்கள் பட்டறைப் பழக்கம் அது. எந்த ரசாயன மருந்து வந்தாலும் எங்கள் டிரம்மில் கவிழ்ப்போம். அப்புறம் டிரம்மின் நிறம்தான் அதற்குப் பெயர். ஸ்டெல்லா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு பழைய இரும்புக் குவியலில் இறங்கி, மருந்து வந்த கேனைத் தேடி எடுத்தார். லேபிளில் இருந்த அழுக்கைச் சுரண்டி, எந்த ஊரிலும் மாறாத அதன் அடையாள நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மாடியிலிருந்து இறங்கி வந்து, சீட்டை என் கையில் கொடுத்தார். "இந்த நம்பரை வச்சுத் தேடுனேண்ணா. அங்கங்க வேற வேற பேர்ல இருக்கு. எல்லா இடத்துலயும் கல்லீரல் செல்லு பதறுது. செல்லு வேற, மனுசன் வேற. உங்களுக்கு வியாதின்னு நான் சொல்ல மாட்டேன். ரத்தம் மட்டும் டெஸ்ட் பண்ணுங்க. சண்டையை ரிசல்ட் வந்தப்புறம் போட்டுக்கலாம்."

சண்டை போட வாய்ப்பே வரவில்லை. பட்டறையில் எல்லோரும் ரத்தம் கொடுத்தோம்; எனக்கும் முலாம் போடும் இரண்டு பேருக்கும் கல்லீரல் கெடத் தொடங்கியிருந்தது. கழுவுவதை நிறுத்தினோம், கையுறை வந்தது, ஆவியை வெளியே தள்ளும் காற்றாடி வந்தது. மூவரும் தேறினோம்.

அன்றிலிருந்து ஓசூர் முதல் பாகலூர் வரை, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரே கதைதான் சொன்னேன்: நானே மோப்பம் பிடித்து விஷத்தைக் கண்டுபிடித்தேன் என்று. ஒரு கிறிஸ்துமஸ் அன்று அவர் வீட்டிலேயே, அவர் சொந்தக்காரர்களிடமே சொன்னேன். கேக் வெட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "ஆமா, அண்ணனுக்கு மூக்கு அப்படி." தட்டை நீட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "கதையை எப்படி வேணா சொல்லுங்கண்ணா. நம்பரை மட்டும் மாத்திராதீங்க."

கல்லறைத் தோட்டத்தில் பாதி ஓசூர் நின்றது. அவர் கணவர் என் தோளைப் பிடித்து, "உங்க மூக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாண்ணா" என்றார்.

அந்தச் சீட்டு, கிரீஸ் கறையோடு, என் சட்டைப்பையில் இருக்கிறது. நம்பரை மாற்றவில்லை, ஸ்டெல்லா. கதையைத்தான் மாற்றுகிறேன்: எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. பெயர் கேட்டது நீ.