வேற ஏதாச்சும் சொன்னாருங்களா?

எங்கள் பக்கத்து வீட்டுப் பவளம் காலை ஒன்பது மணிக்குப் படுக்கையறை கிளாசெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பனிக்கால கோட்டுகளும் பட்டுப்புடவைகளும் தொங்கும் இடுக்கில் ஒரு குட்டி மேஜை, ஒரு லேப்டாப், ஒரு ஹெட்செட். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் அந்த இடம். அவள் வேலை மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் உட்கார்ந்துகொண்டு டெக்ஸாஸ், கலிஃபோர்னியா என்று எங்கிருந்தோ அழைக்கும் டாக்டர்களுக்கும் தமிழ் நோயாளிகளுக்கும் நடுவில் வாயாக இருந்தாள்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று பேசக் கூடாது. நோயாளி வலிக்கிறது என்றால், 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் இவள் சொல்ல வேண்டும். டாக்டர் அறுக்கப் போகிறேன் என்றால், 'நான் அறுக்கப் போகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவள் வீட்டு மாடிக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் அவள் குரல், "எனக்கு மூணு நாளா பிளீடிங் நிக்கல" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பதறிப்போய் அவள் கணவர் சேனாபதியைப் பார்த்தேன். அவர் துணி மடித்துக்கொண்டே, "நேத்து அவளுக்கு ரெண்டு கிட்னியும் இல்லீங்க. பழகிருச்சு" என்றார்.

கோபிச்செட்டிபாளையத்தில் பி.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, பையன் காலேஜுக்குப் போனபின் ஐம்பதுக்குப் பக்கத்தில் பரீட்சை எழுதி இந்த வேலையில் சேர்ந்தவள். ஆறு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. ஆனால் பவளத்துக்கு வாயில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அமங்கலமான வார்த்தையை அவள் சொல்ல மாட்டாள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், 'குளிர வை' என்பாள். அரிசி தீர்ந்துவிட்டால் 'நெறஞ்சிருக்குது' என்பாள். அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். நம் வீடுகளில் பாதிப்பேர் அப்படித்தான், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் எனக்கு அது வேலையில் குறுக்கே வந்ததில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் காமாக்ஷி. ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் வழக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். எது நடந்தது என்பதைவிட எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நீங்கள் கேட்பீர்கள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் மார்ச் மாதம், நவராத்திரிக்குக் கொடுத்த என் அரக்குப் புடவையைத் திரும்ப வாங்கப் போனேன். பகல் இரண்டு மணி இருக்கும். பவளம் கீழே காபி போட்டுக்கொண்டிருந்தாள். "கிளாசெட்ல இருக்குது, நீயே எடுத்துக்க" என்றாள். நான் போய்ப் புடவையைத் தேடும்போது மேஜைமேல் இருந்த ஹெட்செட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வயதான குரல், கொங்குப் பேச்சு, சாவகாசமாக, கொஞ்சம் கரகரப்பாக.

"வேற ஏதாச்சும் சொன்னாருங்களா கண்ணு?"

யாரோ நோயாளி லைனில் காத்திருக்கிறார் என்று நினைத்து மாடிப்படியிலிருந்து கூப்பிட்டேன். "பவளம்! யாரோ லைன்ல இருக்காங்க, கட் பண்ணாம வந்துட்டியா?"

அவள் வந்து நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. லேப்டாப்பைக் காட்டினாள். கடைசி அழைப்பு முடிந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. பிறகு ஹெட்செட்டின் வயரை எடுத்துக் காட்டினாள். அதன் முனை எதிலும் சொருகாமல் மேஜையில் கிடந்தது.

"உனக்குமா கேட்டுது?" என்றாள்.

நவம்பரிலிருந்து இப்படித்தான் என்றாள். ஃப்ரீமாண்ட்டில் ஒருவருக்கு சர்க்கரை மாத்திரை, சான் ஹோசேயில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத் தேதி, எந்த அழைப்பாக இருந்தாலும் முடியும் தறுவாயில் அதே குரல் அதே கேள்வியைக் கேட்கிறது. முதலில் நோயாளிகள்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாளாம். அப்புறம் ஒரு மதுரைக்காரரின் அழைப்பில், ஆண்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் வந்தது. யார் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க நாற்பது பேர் பேசினால் யாரை நினைவு வைத்துக்கொள்வது? எழுதும் குறிப்புகளையும் சாயங்காலம் கிழித்துப் போட்டுவிட வேண்டும், அதுவும் விதி. அழைப்பு முடிந்தபின் அந்த நோயாளி என்ன ஆனார் என்று இவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை.

"ஏதோ ரேடியோ சிக்னல் இன்டர்ஃபியர் ஆகுது, வேற ஹெட்செட் வாங்கு" என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்? புடவையை எடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஜூனில் பவளத்துக்கு சப்பீனா, அதாவது கோர்ட் சம்மன், வந்தது. டெக்ஸாஸில் நடக்கும் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டும். காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்தாள். அங்கே ஆலன் என்ற ஊரில் மகன் வீட்டுக்கு விசிட்டராக வந்திருந்த சாந்தாமணி என்ற அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு எடுக்கும் ஆபரேஷனில் ஸ்ட்ரோக் எனும் மூளைத்தாக்கு வந்து மூன்றாம் நாள் இறந்துபோயிருந்தார். ஆபத்து இருக்கிறது என்று என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்று மகன் ஜெயபிரகாஷ் வழக்குப் போட்டிருந்தார். டாக்டரின் குறிப்பில் ஒரே வரி. 'மூளைத்தாக்கு, மரணம் உள்ளிட்ட ஆபத்துகள் மொழிபெயர்ப்பாளர் வழியாக விளக்கப்பட்டன. நோயாளி புரிந்துகொண்டதாகத் தெரிவித்தார்.' பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் எண். அது பவளத்தின் எண்.

அவள் காகிதத்தில் இருந்த தேதியைத் தொட்டாள். இறந்த நாள், நவம்பர் பதினான்கு.

"அதுக்கு மக்யா நாள்தான், பதினஞ்சாந் தேதிதான், மொதல்ல கேட்டுது" என்றாள். "செத்துட்டாங்கன்னு எனக்கு இப்பதானே தெரியும். காமாக்ஷி, அதுக்கு முன்னாடியே கேட்டுதே!"

செத்துட்டாங்க என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு இப்போது எல்லாம் நினைவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்த முதல் அழைப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் நேரம். இவள் பேச்சு வழக்கைக் கேட்டு அந்தம்மா "எந்தூருங்க கண்ணு?" என்று விசாரித்திருக்கிறார். பதில் சொல்லக் கூடாது என்பது விதி. இவள் "கோபிப் பக்கமுங்க" என்றாள். பிறகு டாக்டர், நூறு பேரில் மூன்று பேருக்கு மூளைத்தாக்கு வரலாம், ஒருவர் இறந்துபோகலாம் என்றார். தட்டில் தொட்ட குங்குமத்தின் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது, லைனின் மறுமுனையில் தன் ஊர்க்காரம்மா, 'நான்' என்று ஆரம்பித்து அவரிடம் சாவைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை.

"நீ இதுக்கு பயப்படாதே" என்றேன். பதினான்கு வருஷப் பழக்கம், என் குரலே மாறிவிட்டது. "கோர்ட்ல நாலே நாலு கேள்விதான். ஒண்ணு, அந்தப் பேஷன்ட்டுக்கு நீங்க செய்ய வேண்டிய கடமை இருந்துதா. ரெண்டு, அதுல தவறினீங்களா. மூணு, அந்தத் தவறினாலதான் கேடு வந்துதா. நாலு, வந்த கேடு என்ன. இதுல ஒண்ணு நிக்கலேன்னாலும் கேஸ் நிக்காது. கால் ரெக்கார்ட் ஆகல. நோட்ஸ் கிழிச்சாச்சு. சார்ட்ல சொன்னதா எழுதியிருக்கு. 'அந்தக் கால் எனக்கு ஞாபகம் இல்லை, எல்லாத்தையும் முழுசா சொல்றதுதான் என் வழக்கம்'னு சொல்லிடு. டாக்டரும் தப்பிச்சார், நீயும் தப்பிச்ச."

"ஞாபகம் இருக்குதே."

"இருக்கட்டும். யாருக்குத் தெரியும்?"

பவளம் என்னைப் பார்த்தாள். "அந்தம்மாவுக்குத் தெரியும். என்னையக் கேட்டாங்க. டாக்டர் அத்தன நேரம் பேசினாரு, நான் ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டேன். அவங்க கேட்டாங்க, வேற ஏதாச்சும் சொன்னாருங்களான்னு. நான் அவ்வளவுதானுங்கன்னுட்டேன்."

நான் எழுந்துபோய் பாத்திரம் கழுவினேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அப்போதும் அவளிடம், "நான் சொன்னதையே சொல்லு, அதுதான் சேஃப்" என்றுதான் சொன்னேன். அந்தக் குரலை நானும் கேட்டவள். கேட்டும் அப்படித்தான் சொன்னேன்.

சாட்சி விசாரணை ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, லேப்டாப் வழியாக. வேறு யாரும் உடன் இருக்கக் கூடாது என்பதால் சேனாபதி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். இருவரும் டீயை ஆறவைத்துக் குடித்தோம். பொய் சொன்னால் அவள் வேலை நிலைக்கும், ஆறு வருஷப் பேர் நிலைக்கும். உண்மை சொன்னால் ஒரு பெண் செத்ததில் தனக்குப் பங்கு உண்டென்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த மாதிரி. "எதைச் சொல்லப் போறான்னு உங்ககிட்ட சொன்னாளா?" என்று கேட்டேன். "ராத்திரி பூரா ஒரே வாக்கியத்தச் சொல்லிப் பாத்துட்டு இருந்தாளுங்க. எனக்குக் காது குடுத்துக் கேக்க தைரியம் இல்லீங்க" என்றார்.

பன்னிரண்டரைக்கு அவளே வந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள். "சாவைச் சொல்லாம விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் பக்கத்து வக்கீல் இரண்டு தரம் மாற்றி மாற்றிக் கேட்டாராம், உங்களுக்கு நிச்சயமா என்று. நிச்சயம் என்றிருக்கிறாள். மகன் பக்கத்து வக்கீல் மட்டும், நீங்கள் மறுப்பீர்கள் என்று நினைத்து ஒன்று வைத்திருந்தேன், பரவாயில்லை, பதிவுக்காகப் போடுகிறேன் என்று சொல்லி ஓர் ஒலிப்பதிவைப் போட்டாராம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்கிற காரியம்தான். டாக்டர் பேசுவதைப் பெருந்துறையில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்று ஜெயபிரகாஷ் ஃபோனில் ரெக்கார்ட் போட்டுவிட்டு அம்மாவின் கட்டிலில் வைத்திருக்கிறார். டெக்ஸாஸில், ரெக்கார்ட் ஆவது பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், கோர்ட்டில் அது செல்லும். ஆவணங்களோடு ஒரு பிரதி பவளத்துக்கும் வந்திருந்தது. யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாதுதான். அவள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துப் போட்டாள். காலையில் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டரின் ஆங்கிலம் நிதானமாக, நீளமாக வந்தது. பிறகு பவளத்தின் குரல். "எல்லா ஆபரேசன்லயும் இருக்கற ரிஸ்க்குதானுங்க, பாத்துக்கலாமுன்னு சொல்றாருங்க." அதுவரை 'நான், நான்' என்று பேசிக்கொண்டு வந்தவள், அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் 'சொல்றாருங்க' என்று நழுவியிருந்தாள்.

அப்புறம் அந்தக் குரல். கரகரப்பு, சாவகாசம், எல்லாம் அதே.

"வேற ஏதாச்சும் சொன்னாருங்களா கண்ணு?"

கிளாசெட்டில் நான் கேட்டது இதே குரல்தான். யார் எப்படி விளக்கினாலும் நான் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

"அவ்வளவுதானுங்க."

டாக்டர் கேள்வி ஏதும் உண்டா என்றார். உங்களுக்கு என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே வெளிச்சமாகியிருக்கும். அது அவர் தவறு, அதற்கு அவரும் பதில் சொல்வார். லைன் கட் ஆகும் சத்தம் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பவளம் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

பதிவில் மகனின் குரல் கேட்டது. "அம்மா, சைன் பண்ணலாமா? இல்ல, அக்கா வந்து பாத்துட்டுப் போனப்புறம் பண்ணிக்கலாமா?"

துணி உரசும் சத்தம். பிறகு சாந்தாமணி.

"அவரு நெறையா பேசினாரே சாமி, அந்தப் புள்ள கொஞ்சந்தான் சொல்லுச்சு. எதுக்கும் கேட்டுப் பாத்தேன். பெருசா இருந்தா சொல்லாமயா போயிரும்? நம்மூருப் புள்ள. குடு, எங்க கையெழுத்துப் போடோணும்?"

பதிவு நின்றது. பவளம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு கேள்வி சொன்னியே காமாக்ஷி. அதுல மூணாவது, தவறினாலதான் கேடு வந்துதாங்கறது, இதுதானே?"

பதினான்கு வருஷத்தில் எத்தனையோ குறிப்புகளில் 'நோயாளி புரிந்துகொண்டார்' என்ற வரியைப் பார்த்து நிம்மதியாகக் கோப்பை மூடியிருக்கிறேன்.

"ஆமா" என்றேன்.

அவள் ஃபோனை எடுத்துப் பதிவைப் பின்னால் தள்ளினாள். மறுபடி டாக்டர், மறுபடி அவள், மறுபடி அந்தக் கேள்வி. "வேற ஏதாச்சும் சொன்னாருங்களா கண்ணு?" அங்கே நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலையில் பேசுகிற தெளிவான குரலில், விதிப்படி டாக்டராகவே, ஃபோனைப் பார்த்துச் சொன்னாள்.

"சொன்னேனுங்க. நூறு பேருக்கு இந்த ஆபரேசன் பண்ணினா மூணு பேருக்கு மூளைத்தாக்கு வரலாமுங்க. ஒருத்தர் செத்துப்போகலாமுங்க. அது நீங்களா இருக்கலாமுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

நிறுத்தி வைத்த ஃபோனின் முன்னால் நாங்கள் இருவரும் பதிலுக்குக் காத்திருந்தோம்.