மூன்றாம் தளத்துத் தண்ணீர்

ஐந்து டிரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு மூலைகளிலும் துணி கவ்வும் கிளிப் மாட்டி, மதினி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு வெளிச்சம் வந்திருந்த நேரம் அது. அந்த வெளிச்சத்தில் ஐந்து தாள்களின் பென்சில் கோடுகளும் ஒன்றாகத் தெரிந்தன. மேல்தளத்துப் படிக்கட்டு இரண்டாம் தளத்தில் எங்கே இறங்குகிறதோ அங்கே மிகச் சரியாக இன்னொரு படிக்கட்டு. மேலே கிணறு இருந்த இடத்தில், கீழே உள்ள நான்கு தளங்களிலும் அதே வட்டம். தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "புகைபோக்கி ஒரு விரக்கடை நகந்துருச்சு பிள்ள" என்றாள். தாள்களைக் கழற்றி மறுபடி வரைய உட்கார்ந்துவிட்டாள். இல்லாத ஒரு கோட்டையின் இல்லாத புகைபோக்கிக்காக ஒருத்தி அவ்வளவு கவலைப்பட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்தக் கோட்டை ஒரு விளையாட்டுக்காக. அதை அண்ணன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில் கற்றுக்கொண்டு வந்தான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். பூமிக்கு அடியில் தளம் தளமாக இறங்கும் ஒரு கோட்டையை அவர் முன்கூட்டியே வரைந்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பார். அதற்கு டஞ்சன் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளாக, வாள்வீரனாகவோ மந்திரக்காரியாகவோ திருடனாகவோ, அதற்குள் இறங்குவார்கள். நடத்துபவர் கண்முன் இருப்பதைச் சொல்லுவார். ஆடுபவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். சந்தேகமான இடத்தில் இருபது முகம் கொண்ட பகடை முடிவு சொல்லும். எங்களுக்கு டஞ்சன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே அப்பாவின் மிளகாய் வத்தல் கிடங்கு. மாடியில் நான், அண்ணன், அவனுடைய இரண்டு மலையாளி நண்பர்கள். ஒருவர் பிராட்வேயில் மொபைல் பழுதுபார்ப்பவர், மற்றவர் போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் வேலை பார்ப்பவர். கீழிருந்து நெடி ஏறும்போதெல்லாம் யாராவது தும்முவார்கள். அரக்கனுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்போது தும்மினால் அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று அண்ணன் ஒரு விதியே வைத்திருந்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் மதினி எங்களோடு உட்காரமாட்டாள். பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு காதை மட்டும் கொடுப்பாள். அண்ணனின் கோட்டைகள் ரயில் பெட்டிகள்போல வரிசையாக இருக்கும். ஓர் அறை, அதில் ஓர் அரக்கன், அடுத்த அறை, இன்னும் பெரிய அரக்கன். அப்படி ஏழாவது அறையில் நாங்கள் நின்ற ஒரு நாள், பீன்ஸிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"இவன் தண்ணி குடிக்க எங்க போவான்?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "யாரு?"

"இந்த அரக்கன்தான். இருக்கிறது ஒரே கதவு. அந்தப் பக்கம் போனா ஆறு அரக்கனைத் தாண்டணும். நூறு வருஷமா உள்ளயே இருக்கான்னு சொல்றீங்க."

ஹோட்டல்காரச் சேட்டன் பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சேச்சி கேட்டது சரியாணு. பாத்ரூமும் இல்லல்லோ!"

மதினியின் அப்பா சாத்தூரில் கட்டட மேஸ்திரி. பள்ளி விடுமுறையெல்லாம் செங்கல் குவியலுக்கு நடுவே கழித்தவள். சிவில் டிப்ளமா முடித்து, ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வீட்டு பிளான் வரைந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய ஸ்கேலும் செட்ஸ்கொயரும் டிரேசிங் ரோலும் டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விட்டன. வேலைக்குப் போக வேண்டாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. போகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை, நானும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெட்டி திறந்தது. "அடுத்த டஞ்சன் சேச்சி நடத்தட்டே" என்று மொபைல்கடைச் சேட்டன் சொன்னார். அண்ணன் பெருந்தன்மையோடு சிரித்து, "பாக்கலாம்" என்றான்.

அவள் நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள். முதலில் அரக்கர்களை வரையவில்லை. மண் எப்படிப்பட்டது, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எழுதினாள். பிறகு, யார் கட்டினார்கள், எதற்காக, அவர்கள் போனபின் யார் குடிவந்தார்கள் என்று. சமையலறைக்கு மேலே இருப்பவனுக்கு வாசனை எட்டும், அவன் முன்கூட்டியே விழித்துக்கொள்வான் என்பாள். "மாடிப்படியத் தப்பா வெச்சா ஆளு நடக்கமாட்டான் பிள்ள, முட்டிக்குவான். அது நிஜ வீடுன்னாலும் அப்படித்தான், பொய் வீடுன்னாலும் அப்படித்தான்." பழைய கிடங்குகளைப் பார்ப்பதற்கென்றே பஜார் ரோட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். சுமை இறக்கும் வழி எங்கே, ஆள் ஏறும் வழி எங்கே என்று நின்று பார்ப்பாள். கடைக்காரர்கள் நாங்கள் இடம் வாங்க வந்திருப்பதாக நினைத்து நாற்காலி எடுத்துப்போட்டார்கள்.

வறண்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு எங்கள் ஊரில் பெரிய ஆச்சரியம், பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நாட்களில் மழையே இல்லாமல் சாக்கடை வழியாக உப்புத் தண்ணீர் வாசலுக்கு வந்து, சொல்லிவைத்ததுபோலத் திரும்பிப் போவதுதான். நாங்கள் செருப்பைத் தூக்கி மேலே வைப்பதோடு சரி. அவள் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கணக்காகக் கவனித்தாள். அந்தத் தண்ணீர்தான் கோட்டையின் மூன்றாம் தளத்துக்குள் போனது.

ஆட்டம் தொடங்கியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இது வேறு மாதிரி என்று. முன்பு ஓடிப்போய்க் கதவை உடைத்தவர்கள், கதவில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். தரையைத் தடவினார்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டார்கள். ஒரு ஞாயிறு முழுக்க ஒரே ஒரு படிக்கட்டு இறங்கினோம். இறங்கி முடித்தபோது ஹோட்டல்காரச் சேட்டன், தட்டில் பழம்பொரி ஆறிப்போனதை அப்போதுதான் பார்த்தார்.

அண்ணன் மட்டும் கேட்கவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து ஆடிவந்த கருவேலன் என்ற வாள்வீரனோடு அவன் இறங்கியிருந்தான். அந்த வீரனின் விவரத்தாள் மடித்து மடித்துக் கிழிந்து, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் துணிபோல ஆகியிருந்தது. மூன்றாம் தளத்தில் முதல் அறையிலேயே மதினி சொன்னாள், படிக்கட்டுச் சுவரில் சிப்பி ஒட்டியிருக்கிறது என்று. இரண்டாவது அறையில், பழைய சாக்குகள் எல்லாம் ஆள் உயரப் பரண்மேல் ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது இடம் சரிந்து இறங்கும் ஒரு நடைபாதை.

"சுவத்துல நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு. அதுக்குக் கீழ பாசி. மேல காஞ்சு கிடக்கு."

"சரி, கடைசியில என்ன இருக்கு?" என்றான் அண்ணன்.

"இரும்புப் பெட்டி ஒண்ணு."

"ஒரு மினிட் சேட்டா, அந்தக் கோடு என்னான்னு கேக்கணும்" என்று ஹோட்டல்காரர் கையை நீட்டித் தடுத்தார். அண்ணன் அதற்குள் போய்விட்டான், கருவேலனாக, முழு இரும்புக் கவசத்தோடு, தனியாக. நாங்கள் மூவரும் நடைபாதை வாயிலிலேயே நின்றோம்.

தண்ணீர் வந்தது. முதலில் கணுக்கால். மதினி நிதானமாகச் சொன்னாள். முழங்கால். "கவசத்தக் கழட்டுறீங்களா?" மாட்டேன் என்றான். பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டினான். இடுப்பு. "கழட்டுறீங்களா?" அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். தன்னைச் சாகவிடமாட்டாள் என்ற சிரிப்பு. பிறகு தப்பிக்கப் பகடையை எறிந்தான், இருபதுக்கு நான்குதான் விழுந்தது. மதினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

"கருவேலன் மூழ்கிட்டான்."

அண்ணன் பகடையை மறுபடி கையில் எடுத்தான். "விளையாட்டுதான? இன்னொரு தடவ எறியறேன்."

"வேண்டாங்க. அப்புறம் இவங்க மூணு பேரும் மூணு வாரமா பயந்து பயந்து நடந்ததுக்கு என்ன அர்த்தம்?"

"நீ தண்ணிய இப்பத்தான நினைச்ச?" என்றான் அண்ணன். "என்னைக் கொல்றதுக்குன்னே."

அவள் முகம் மாறியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் எழுந்து கீழே போய்விட்டான். சேட்டன்கள் இருவரும் ஏதோ குற்றம் செய்தவர்கள்போல டம்ளரையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. சோறு வந்தது, சாயா வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. ஒரு விளையாட்டுக்கா இந்தப் பாடு என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் செய்ததும் பெருமைப்படும்படியாக இல்லை. துணி காயப்போடும்போது, "ஒரு தடவ விட்டுக்குடுத்திருக்கலாமே மதினி" என்றேன். அவள் ஈரச் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். "ஒரு பென்சில் கோட்ட அழிக்கிறது பெரிய வேலையா பிள்ள? அழிச்சிருந்தா அதுக்கப்புறம் அங்க கோட்டையே இல்ல. வெறும் பேப்பர்தான். உங்க அண்ணனுக்காக அழிச்சா உங்க அண்ணனுக்கே அது பிடிக்காமப் போயிரும்." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் பொய்யா ஆடினேன்னு சொன்னாங்கள்ல. அதுதான் தாங்கல."

அன்று கிடங்குக்குப் போய் அண்ணனைக் கேட்டேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் ஒரு மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் விட்டான். "எத்தன வருசம் நடத்துனேன், என் டஞ்சன்ல ஒருத்தன் செத்திருக்கானா சொல்லு. நான்தான் பாவம் பாத்து விட்டுருவேன். அதான் அவனுக என் மேசையில செல்போனப் பாத்துட்டு இருப்பானுக. அவகிட்ட பாரு, மூச்சு விடாம உக்காந்திருக்கானுக." ஒரு வத்தலைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டான். "தண்ணிய அவ அந்த நேரத்துல திடீர்னு நினைச்சதில்லன்னு எனக்கும் தெரியும்."

"அத அவங்ககிட்ட சொல்லு."

"சொல்லணும்" என்றான்.

மதினி இப்போது கலூரில் ஒரு கட்டட அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் அண்ணன்தான் அவளைப் படகுத் துறையில் கொண்டுபோய் விடுகிறான். நிஜமான படிக்கட்டுகளும் நிஜமான கிணறுகளும் வரைகிறாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் நான் அந்த வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பேச்சில்லாமல் போன அந்த நான்காம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம்.

அண்ணன் கிடங்கிலிருந்து மேலே வந்து உட்கார்ந்திருந்தான். மதினி சாயாவை வைத்தாள். பிறகு உள்ளே போய் மூன்றாம் தளத்துத் தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரிக்கப்போனாள். ஆடுபவர்களுக்கு அதைக் காட்டக்கூடாது. காட்டினால் அவர்களைப் பொறுத்தவரை அந்தக் கோட்டை அங்கேயே முடிந்தது. நான்கு மாத வேலை.

"பாருங்க" என்றாள். "கோடு எப்ப போட்டதுன்னு நீங்களே பாருங்க. தேதியும் எழுதியிருக்கேன்."

பாதி விரிந்த தாளின்மேல் அண்ணன் சட்டென்று உள்ளங்கையை வைத்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"காட்டாத. சுருட்டு மொதல்ல."

"ஏன்?"

"பாத்துட்டா ஞாயித்துக்கிழம நான் எப்படி விளையாடுறது? எனக்குத் தெரியும், நீ அப்பவே போட்ட கோடுதான். நான்தான் காதுல வாங்கல. நான் சொன்னது தப்பு."

அவள் தாளைச் சுருட்டவில்லை, அப்படியே நின்றாள். கண்ணைத் துடைத்தாள்; அழுகையா, வத்தல் நெடியா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே, "சுருட்டிட்டியா?" என்றான். அதற்கு அவள் சிரித்துவிட்டாள். தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலுமாக வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, புதுசா இறங்குற ஆளு யாரு?"

"சுமை தூக்குறவன்."

"கவசம்?"

"ஒண்ணும் வேண்டாம். நீந்தத் தெரியும்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். "பேரு?"

அண்ணன் சாயாவை ஒரு வாய் குடித்தான்.

"பேரெல்லாம் இப்ப வேண்டாம். ரெண்டு ஞாயிறு உசுரோட இருக்கட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்."