கோட்டுக்கு வெளியே தென்னை

வேலுச்சாமியண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கோயமுத்தூர் உக்கடத்தில், பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றபோது. என் பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்து, "சோப்பு டப்பா வாங்கியாச்சுங்களா, வாத்தியாரே?" என்றார். அந்த வருட விளையாட்டு விழாவுக்கு முன்பே போய்விட்டார்.

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் நான் டிரில் வாத்தியாராக இருந்தேன். பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து ஓட்டக் கோடு போடக் கற்றவன். மைதானம் இல்லாத பள்ளியில் இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: விசில் ஊதுவது கொஞ்சம், அடுத்தவர் நிலத்தில் அனுமதி கேட்டு நிற்பதே அதிகம்.

காடு கேட்டது

பள்ளியை ஒட்டி இருந்தது அண்ணனின் காடு, மழையை நம்பிய மேட்டு நிலம். தை மாதம் சோளம் அறுத்த பிறகே அது காலியாகும். எங்கள் விழாத் தேதியைத் தலைமையாசிரியர் குறித்ததே இல்லை, சோளம்தான் குறிக்கும். முதல் வருடம் கையைக் கட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "புள்ளைங்க நல்லா ஓடட்டுமுங்க. போறப்பக் காட்டைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிராதீங்க" என்றார்.

உழுத மைதானம்

ஒரு வருடம் விழாவுக்கு முந்தின நாள் மழை. காலையில் போய்ப் பார்த்தால் காடு முழுக்க உழுது கிடந்தது. தலைமையாசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் முகத்திலோ பெருமை. "சோளக்கட்டை காலுல குத்துதுன்னு புள்ளைங்க நொண்டுச்சுங்க. அதான் உழுதுபோட்டனுங்க. கீழ உழுந்தாலும் மெத்தையாட்ட இருக்கும்."

யார் அவரைத் திட்டுவது? விஷயம் புரிந்ததும் அவரே மாடுகளைப் பூட்டி, மண்ணைச் சமன் செய்யும் பலகையை இழுத்து வந்தார். பலகைக்குப் பாரமாகப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து கூச்சல் போட்டார்கள். அழிந்த கோட்டைப் போட என் மனைவி மறுபடி சுண்ணாம்பு சலித்துக் கொடுத்தாள். மாலையில் பெற்றோர் ஓட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய அண்ணனுக்கே முதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. அவர் சம்சாரம் கூட்டத்திலிருந்து கத்தினார்: "காட்டுக்காரரே ஓடி, காட்டுக்காரரே ஜெயிச்சா, அது என்ன நாயமுங்க!"

மோட்டார் வந்த வருடம்

அப்புறம் அவர் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் தண்ணீர் வந்தால் காடு காலியாக இருக்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. அந்தத் தையில் கேட்கப் போனபோது தென்னைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்காமல் திரும்பினேன்.

"ஏனுங்க, பேசாமப் போறீங்க? உங்க கோட்டைப் போட்டுக் காட்டுங்க" என்றார்.

சுண்ணாம்பு எடுத்து வந்து வட்டமாகப் போட்டேன். அண்ணன் கோட்டை ஒட்டி நடந்து, அதற்கு வெளியே ஒவ்வொரு குழிக்கும் குச்சி நட்டார். உள்ளே விழுந்த குழிகளை மூடச் சொன்னார். "நடு எடம் பூரா வீணாப் போகுதுங்கப்பா" என்று மகன் முணுமுணுத்தான். அண்ணன் நிமிரவில்லை: "இந்தக் காட்டுல உங்கப்பன் ஜெயிச்சது அந்த ஒரு சோப்பு டப்பாதான்டா. கோட்டுக்கு வெளிய நடு."

போன மாதம்

பள்ளிக்குப் போய்வந்தேன். நான் மட்டும்தான், சுண்ணாம்பு சலித்தவள் போய்ப் பல வருடமாகிறது. அண்ணன் மகன் மைதானத்தைப் பள்ளிக்கே எழுதி வைத்துவிட்டாராம். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க வந்து நின்ற ஒரு சிறுமி கேட்டாள்: "ஏனுங்க தாத்தா, இந்த மரத்தையெல்லாம் யாருங்க இப்படி வளைச்சு வளைச்சு நட்டது?"

நான் போட்ட கோடுகளில் ஒன்றுகூட ஒரு மழைக்குத் தாங்கியதில்லை. அவர் போட்ட கோடு இன்னும் காய்க்கிறது.